மஸ்கெலியாப் பக்கம் நிவாரணப் பயணம், ஒக்டோபர் 16: யார் வருகிறீர்கள்?

கொட்டாஞ்சேனைக்காரன் | 28 செப்டெம்பர் 2022, இரவு 9.40

வணக்கம். நாங்கள் ஏழு பேர், எல்லோரும் கொழும்பில் வேலை பார்ப்பவர்கள். இருவரைத் தவிர மற்றவர்கள், சிவனொளிபாத மலைக்குப் போகும்போது பஸ் ஜன்னலால் தேயிலை மலையைப் பார்த்ததோடு சரி. எங்கள் அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்யும் அக்காவுக்கு, மலையகத்தில் மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம்தான் ஊர். இந்தப் பொருளாதார நெருக்கடியில் அங்கே மேல் பிரிவில் இரவு அடுப்பு மூட்டாத வீடுகள் இருக்கின்றன என்று அவர் சொன்னார். அழுது சொல்லவில்லை, கூட்டிக்கொண்டே சொன்னார். அன்றைக்கே பணம் சேர்க்கத் தொடங்கிவிட்டோம்.

70 பொதிகள். ஒவ்வொன்றிலும் 5 கிலோ கோதுமை மா, 2 கிலோ அரிசி, 1 கிலோ பருப்பு, சவர்க்காரம் 2. அவிசாவளை, கித்துல்கலை, ஹட்டன் வழியாகப் போகிறோம். லொறி பேசியாயிற்று. டீசலுக்கு அந்த வாரத்துக் கியூஆர் எரிபொருள் கோட்டாவைத் தொடாமல் வைத்திருப்பதாகச் சாரதி வாக்குக் கொடுத்திருக்கிறார்.

வேண்டியவை இரண்டு. சனிக்கிழமை பொதி கட்ட நான்கு பேர். பிறகு, அந்தப் பக்கம் தெரிந்த ஒருவர். நாங்கள் என்ன தப்புச் செய்யப்போகிறோம் என்று இப்போதே சொல்லிவிட்டால் நல்லது.

கறுப்புப்பலகை | 29 செப்டெம்பர், காலை 6.05

தம்பி, நான் அந்தப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவன். நன்றி பிறகு சொல்கிறேன், முதலில் மூன்று கேள்வி. கோபிக்க வேண்டாம்.

பெயர்ப்பட்டியல் யார் தந்தது? எத்தனை மணிக்கு வந்து இறங்குவீர்கள்? பதாகை கொண்டு வருகிறீர்களா?

பதாகையிலிருந்து தொடங்குகிறேன். ஜூன் மாதம் ஒரு குழு வந்தது. பெயர் வேண்டாம். காலை ஒன்பது மணிக்குப் பிரட்டுக் களத்தில், காலையில் வேலை பிரிக்கும் இடத்தில், ஆட்களை வரிசையில் நிறுத்தினார்கள். பிரதம விருந்தினர் வந்து சேர்ந்தது பன்னிரண்டரைக்கு. பதாகையின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். படம் முகநூலில் வந்தது. அதில் ஒருத்தி அடுத்த வாரம் முழுக்கப் பாடசாலைக்கு வரவில்லை. வகுப்பில் யாரோ ‘பருப்பு மூட்டை’ என்று கூப்பிட்டுவிட்டார்களாம்.

நேரம். ஞாயிற்றுக்கிழமை வேலையில்லாத நாள் என்று எண்ணியிருப்பீர்கள். தோட்டத்தில் கைக்காசு என்று ஒன்று இருக்கிறது. ஞாயிறிலும் கொழுந்து பறிக்கலாம், கிலோவுக்கு இவ்வளவு என்று காசு. நீங்கள் பத்து மணிக்கு வந்தால் அந்தக் காசை விட்டுவிட்டுத்தான் வரிசையில் நிற்பார்கள். பின்னேரம் மூன்றுக்கு மேல் வாருங்கள்.

பட்டியலைப் பற்றி நீங்கள் பதில் சொன்ன பிறகு பேசுவோம்.

லண்டன்_குளிர் | 29 செப்டெம்பர், மாலை 4.22

நல்ல முயற்சி, என் பங்குக்கு 100 பவுண் அனுப்புகிறேன். ஆனால் புரியாத ஒன்றைக் கேட்கிறேன். நாட் சம்பளம் 1,000 ரூபா ஆகிவிட்டது என்று சென்ற ஆண்டு மார்ச்சில் பத்திரிகை எல்லாம் கொண்டாடியது. மாதம் 25,000 வரவேண்டுமே? யாழ்ப்பாணத்தில் புடவைக் கடையில் நிற்கும் பிள்ளைக்கு அது கிடையாது. இன்னொன்று, லொறியும் டீசலும் எதற்கு? குடும்பத்துக்கு இவ்வளவு என்று பணமாகக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. அங்கேயே உள்ள கடையில் வாங்கிக்கொள்வார்கள்.

கறுப்புப்பலகை | 30 செப்டெம்பர், காலை 5.50

25,000 எப்படி வரவில்லை என்று காட்டுகிறேன். என் சித்தியின் ஓகஸ்ட் மாதச் சம்பளச் சீட்டு என் முன்னால் இருக்கிறது.

வேலை கொடுத்த நாட்கள் 16. வாரத்துக்கு நான்கு நாள் கணக்கு. 20 கிலோ எடுத்தால் ஒரு பேர், அதாவது முழு நாள். 18 கிலோவாக இருந்ததை, 1,000 வந்த கையோடு 20 ஆக்கினார்கள். குறைந்தால் அரைப் பேர். சித்திக்கு அந்த மாதம் 10 முழுப் பேர், 6 அரைப் பேர். மொத்தம் 13,000. அதில் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், 1,040. மீதி 11,960. அதற்குக் கீழே சங்கச் சந்தா, கோயில் பணம், தேயிலைத் தூள், முற்பணக் கழிவு.

சித்தி சோம்பேறி இல்லை. முப்பது வருடம் கூடை சுமந்தவர். கொழுந்து இல்லை. சென்ற ஆண்டு இரசாயன உரத்தை ஒரே அறிவிப்பில் நிறுத்தினார்களே, அதை நெல் வயலோடு நிறுத்திப் பேசுகிறார்கள். உரம் கண்டு பழகிய செடி, பட்டினி போட்டால் துளிர் விடாது. தடையை நீக்கிய பிறகு உரத்தின் விலை தோட்டத்துக்கு எட்டவில்லை. துளிர் இல்லாத செடியில் 20 கிலோ எடு என்றால் எங்கே எடுப்பது? போதாததற்கு ஈரக் கொழுந்து, சாக்கு நிறை என்று தராசில் வெட்டுவது வேறு. 18.5 கிலோவைக் கொண்டு வந்து அரைப் பேரோடு போன நாட்கள்தான் அந்த ஆறும்.

இதற்கு நடுவே மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஒரே இரவில் ஏறியது, போன மாதம். மழைக்காலத்தில் ஈர விறகைப் பற்றவைக்க அது வேண்டும். கோதுமை மாவின் விலையை நான் சொல்லத் தேவையில்லை. தோட்டத்தில் ரொட்டிதான் காலை, ரொட்டிதான் மலையில் பகல், பல வீட்டில் இரவும் அதுதான். அரிசிச் சோறு சாப்பிடுகிறவர்களை விட மா விலை இவர்களைத்தான் கூடுதலாக அடித்தது.

பணம் கொடுக்கலாமே என்கிறீர்கள். பொது நேரத்தில் நானும் அதையே சொல்வேன். இப்போது மேல் பிரிவில் இருப்பது ஒரே ஒரு கடை. எல்லாருக்கும் அங்கே கடன் கொப்பி. கையில் காசு வந்தது தெரிந்தால் அது கொப்பிக்குப் போகும், அடுப்புக்குப் போகாது. மஸ்கெலியா டவுனுக்கு இறங்கி ஏறப் பஸ் காசு வேறு. இந்த ஒரு தடவை மாவாகவே கொண்டு வாருங்கள். முடிந்தால் கொழும்பில் வாங்காமல் ஹட்டனில் வாங்குங்கள், லொறிப் பாரமும் குறையும்.

வெள்ளைச்சப்பாத்து | 30 செப்டெம்பர், இரவு 8.15

நான் தாதி. முன்பு நுவரெலியா மாவட்டத்தில் வேலை செய்தேன். இரண்டே விஷயம்.

மாத்திரை, பாணிமருந்து எதையும் மூட்டையில் போட்டுக் கொடுக்காதீர்கள். தோட்டத்து மருத்துவ உதவியாளரிடமோ பிரதேச வைத்தியசாலையிலோ கேட்டுவிட்டு, அவர்கள் சொல்வதை மட்டும் அவர்கள் கையில் கொடுங்கள். கொழும்பில் வீட்டு அலுமாரிகளில் மிஞ்சிய மருந்தைச் சேகரித்து அனுப்பும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அதைப் பிரித்து எறிவதற்கே எங்களுக்கு ஒரு நாள் போகும்.

பெண்களுக்கான அணையாடையைப் பட்டியலில் யாரும் சேர்க்கவில்லையே? மலையில் கழிப்பறை கிடையாது. காலை முதல் பின்னேரம் வரை நனைந்த படங்கைச் சுற்றிக்கொண்டு நிற்கிற பெண்ணுக்கு அது சவர்க்காரத்துக்கு முன்னால் வரவேண்டிய சாமான். ஏழு பேரில் எத்தனை பேர் பெண்கள் என்று கேட்கலாமா?

கொட்டாஞ்சேனைக்காரன் | 30 செப்டெம்பர், இரவு 10.31

ஒருவர். அவரும் பட்டியல் போட்ட அன்று லீவு. சேர்த்துவிட்டோம் அக்கா.

பெயர்ப்பட்டியல் வந்துவிட்டது சேர். தோட்டத் தலைவர் ஒருவர் தந்தார். 62 குடும்பங்கள். நாங்கள் 70 பொதி கட்டுகிறோம், 8 மேலதிகமாக இருக்கும். மனம் நிம்மதியாக இருக்கிறது.

கடைக்குட்டி | 1 ஒக்டோபர், காலை 7.12

அந்த 62இல் நான் இல்லை.

நான் அதே தோட்டம்தான், மேல் பிரிவு இல்லை, பக்கத்துப் பிரிவு. புறக்கோட்டையில் துணிக்கடையில் ஐந்து வருடம் நின்றேன். மே மாதம் கடைக்காரர் ‘நிலைமை சரியானதும் கூப்பிடுகிறேன்’ என்று அனுப்பிவிட்டார். இன்னும் கூப்பிடவில்லை. இப்போது அண்ணன் வீட்டில் இருக்கிறேன். தோட்டத்தில் எனக்குப் பெயர் கிடையாது, செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாள் பதிவேட்டில், அண்ணியின் பெயர் மட்டும்தான். பட்டியல் எல்லாம் செக்ரோலைப் பார்த்து எழுதுவது, அல்லது தொழிற்சங்கத்தைப் பார்த்து எழுதுவது. தமிழ்நாட்டிலிருந்து நிவாரண அரிசி வந்தபோதும் அப்படித்தான். பத்துக் கிலோ மூட்டை, நல்ல அரிசி, அதைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் லயக் காம்பராவில் அண்ணன் குடும்பம், அக்கா குடும்பம், அப்பா அம்மா, நான். ஒரு பெயர், ஒரு மூட்டை.

பென்ஷன் போன கிழவர்களுக்கும் பெயர் இல்லை. அப்பாவுக்கும் அப்படித்தான். நாற்பது வருடம் கவ்வாத்து வெட்டிய, தேயிலைச் செடியைக் கத்தரித்த ஆள்.

கறுப்புப்பலகை | 1 ஒக்டோபர், இரவு 7.40

நான் சொல்ல வந்ததைத் தம்பி சொல்லிவிட்டார். தலைவரைக் கள்ளன் என்று சொல்லவில்லை. அவருக்குக் குடும்பம் என்றால் செக்ரோலில் உள்ள பெயர். அதுதான் அவருக்குப் பழக்கம்.

குடும்பத்தை எண்ணாதீர்கள், அடுப்பை எண்ணுங்கள். ஒரு காம்பராவுக்குள் எத்தனை அடுப்பு எரிகிறதோ அத்தனை பொதி. மகனுக்குக் கல்யாணமானதும் இஸ்தோப்பை, முன் விறாந்தையை, அடைத்துத் தனி அடுப்புப் போடுவார்கள். அடுப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது, கரி பிடித்திருக்கும். இந்த ஞாயிறு நான் ஏறிப் போய் எண்ணிவிட்டு வருகிறேன்.

லண்டன்_குளிர் | 2 ஒக்டோபர், பிற்பகல் 1.10

சம்பளச் சீட்டுக்கு நன்றி சேர். நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். ஆனாலும் கேட்கிறேன், இருநூறு வருடமாகிறது. இன்னும் ஏன் அதே லயம்? ஏன் வெளியே போகவில்லை?

கூடலூர்ப்_பேரன் | 2 ஒக்டோபர், மாலை 6.48

நீலகிரி மாவட்டம் கூடலூரிலிருந்து எழுதுகிறேன். போனவர்களின் பேரன் நான்.

போகவில்லையா என்று கேட்கிறீர்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து எங்கள் ஆட்களை நாடில்லாதவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதம் ஒன்றரை லட்சம் பேரைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டது 1974இல். என் தாத்தாவும் அப்பாயியும் அந்த 1974இல்தான் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். அப்பாயிக்கு அப்போது 20 வயது, கையில் என் பெரியப்பா. அப்பாயியின் தங்கை இலங்கைக் கணக்கில் விழுந்தார், அங்கேயே இருந்துவிட்டார். அப்பாயிக்கு இங்கே வந்தும் தேயிலைதான், அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தில் கொழுந்து பறித்தார். கடல் தாண்டியும் கூடை முதுகிலிருந்து இறங்கவில்லை.

அங்கே மிஞ்சிய எல்லாருக்கும் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. காணி உறுதி இல்லாத வீட்டை விற்றுவிட்டு எங்கே போவது, விற்கத்தான் முடியுமா? வேலையை விட்டால் காம்பராவையும் விட வேண்டியதுதான் என்ற பயம் அப்பாயி பேச்சில் இன்றைக்கும் வரும்.

கொட்டாஞ்சேனை அண்ணா, ஒரு உதவி. அப்பாயி பிறந்தது மஸ்கெலியாப் பக்கம்தான், நீங்கள் சொன்ன அக்காவின் தோட்டத்தின் பெயரைத் தனிச்செய்தியில் கேட்டேன், அதே தோட்டம். ஆட்களைப் படம் எடுத்ததைப் பற்றிச் சேர் சொன்னது சரி. ஆட்கள் இல்லாமல், மாரியம்மன் கோயிலை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா?

கறுப்புப்பலகை | 2 ஒக்டோபர், இரவு 9.02

எண்ணிவிட்டேன். மேல் பிரிவில் 81 அடுப்பு.

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என் கூடவே வந்து குறித்தாள். அவளுடைய கொப்பியைப் பார்த்தேன். பக்கம் முழுக்கப் பென்சிலில் எழுதி, அழிறப்பரால் அழித்து, அதே பக்கத்தில் மறுபடியும் எழுதியிருக்கிறாள். தாள் சில இடத்தில் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. என் வகுப்பில் இப்படி எத்தனை கொப்பி இருக்கிறதோ, நான் கவனிக்கவில்லை. அடுத்த முறை கொப்பி.

கொட்டாஞ்சேனைக்காரன் | 17 ஒக்டோபர், இரவு 11.20

போய் வந்துவிட்டோம். உடம்பு முழுக்க வலி, காலில் அட்டை கடித்த இடம் எல்லாம் அரிக்கிறது. சவர்க்காரத்தைக் காலில் தடவிக்கொண்டு போங்கள் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். 81 என்று சேர் எழுதிய பிறகும் எங்களிடம் இருந்தது 70க்கான பணம்தான். கடைசி வாரம் இன்னும் சேரும் என்று நம்பினோம், வந்தது அணையாடைக்கே சரியாகிவிட்டது. 11 அடுப்புக்கு இல்லை என்று தெரிந்துகொண்டேதான் லொறியில் ஏறினோம். ஹட்டனில் மா ஏற்றும்போதும் அதே பேச்சு. கிழவர்களை விடுவதா, வேலையில்லாத பெடியன்களை விடுவதா என்று கணக்குப் போட்டோம். அதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

தோட்டத்துக் கீழ் வாசலில் கேட் மூடியிருந்தது. துரைக்கு, அதாவது தோட்ட முகாமையாளருக்கு, முன்கூட்டியே கடிதம் கொடுத்திருந்தோம், வாசலில் நின்றவருக்கு அது தெரியாது. நாற்பது நிமிடம். அதற்கு மேலே லொறி ஏறவில்லை, மழையில் பாதை கரைந்திருந்தது. பறித்த கொழுந்து ஏற்றும் டிராக்டர் ஒன்றை யாரோ பேசிக் கொண்டுவந்தார்கள். மூன்று நடை. கடைசி மூட்டை ஏறும்போது மணி நாலே கால்.

கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் சாமான்களை இறக்கினோம். 81 அடுப்பு, 70 பொதி என்று சேர் எழுந்து நின்று வெளிப்படையாகச் சொன்னார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். ஒரு நிமிடம் பேச்சில்லை. பிறகு ஒரு அம்மா, அறுபதைத் தாண்டியவர், தலையில் கொங்காணியோடு முன்னால் வந்தார். ‘கட்டினதை அவுக்க ஏலாதா?’ என்று கேட்டார். அவ்வளவுதான்.

ஏழு பேரும் சனிக்கிழமை இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து அழகாகக் கட்டிய 70 பொதிகளையும் அவிழ்த்தோம். ஹட்டனில் ஏற்றிய மா 350 கிலோ, பொதிகளில் பருப்பு 70, அரிசி 140. அடுப்புக்கு மா 4.25 கிலோ, பருப்பு 850 கிராம், அரிசி 1.7 கிலோ. நிறுப்பதற்கு மடுவத்தில் தொங்கிய கொழுந்துத் தராசைத் தவிர வேறு இல்லை. அதில் மாச் சாக்கைக் கொளுவியதும் பின்னாலிருந்து ஒரு குரல்: ‘இந்தத் தராசிலயா? ரெண்டு கிலோ வெட்டுமே!’ மடுவம் முழுக்கச் சிரித்தது. எங்களுக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. நிறுத்தது அவர்களே, மூன்று பெண்கள். சாக்கு நிறையைக் கழிக்கவில்லை. பருப்பையும் அரிசியையும் கடைக்காரரின் சின்னத் தராசில் நிறுத்தார்கள், கடன் கொப்பிக் கடைக்காரரேதான், தானாகக் கொண்டு வந்தார்.

சவர்க்காரம் 140. அடுப்புக்கு ஒன்று, மிஞ்சிய 59 கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கும், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்கும். மா 5 கிலோ 750 மிஞ்சியது, அதுவும் பிள்ளைக் காம்பராவுக்கு. அணையாடையை எங்கள் குழுவில் இருந்த ஒரே பெண் தனியாக உள்ளே கூட்டிப் போய்க் கொடுத்தார். அங்கே பேசியதை அவர் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இருட்டியபின் இறங்கினோம். வழியில் ஒரு காம்பராவில் கூப்பிட்டுச் சாயத் தேத்தண்ணீரும் ரொட்டியும் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொன்னேன். பக்கத்தில் நின்ற சேர் என் முழங்கையில் இடித்தார். சாப்பிட்டேன்.

வெள்ளைச்சப்பாத்து | 18 ஒக்டோபர், காலை 6.30

4.25 கிலோ மா, ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு எத்தனை நாள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? நான்கு நாள், இழுத்துப் பிடித்தால் ஐந்து. செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். மனம் நோகச் சொல்லவில்லை தம்பி. அடுத்த தடவைக்குப் பணம் கேட்கும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துப் போடுங்கள். ‘81 குடும்பங்களுக்கு உதவி’ என்று மட்டும் எழுதினால் ஒரு மாதத்துக்குக் கொடுத்தது போல இருக்கும்.

கடைக்குட்டி | 18 ஒக்டோபர், காலை 8.55

டிராக்டர் பேசிக் கொண்டுவந்தது நான்தான் அண்ணா. ‘யாரோ’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன் | 18 ஒக்டோபர், காலை 9.10

ஐயோ, நீங்களா அது! நீல நிறத் தொப்பி? மன்னித்துவிடுங்கள் தம்பி. ஏன் அங்கே சொல்லவில்லை?

கடைக்குட்டி | 18 ஒக்டோபர், காலை 9.14

பக்கத்துப் பிரிவுக்காரன் சாமானுக்கு வந்திருக்கிறான் என்று நினைத்துவிடுவார்கள் என்றுதான்.

லண்டன்_குளிர் | 18 ஒக்டோபர், மாலை 5.37

கொப்பிக்கு நான் தருகிறேன் சேர். எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு, ஒற்றைக் கோடா சதுரக் கோடா என்று எழுதுங்கள். என் பெயர் எங்கும் வர வேண்டாம்.

கறுப்புப்பலகை | 18 ஒக்டோபர், இரவு 8.20

நன்றி. விவரத்தைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். 24ஆம் திகதி தீபாவளி. முற்பணம் எவ்வளவு, எப்போது என்று தோட்டத்தில் இன்னும் இழுபறி. அது முடியட்டும். நவம்பர் நடுப்பகுதியில் வைத்துக்கொள்ளலாம்.

கூடலூர்ப்_பேரன் | 19 ஒக்டோபர், இரவு 7.05

கோயில் படம் கிடைத்தது அண்ணா. கைத்தொலைபேசியில் பெரிதாக்கிக் காட்டினேன். அப்பாயி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். நான் அழப்போகிறார் என்று நினைத்தேன்.

‘இது மேல் பிரிவுக் கோயில்டா. நம்ம கோயில் கீழ, தேயிலை ஸ்டோருக்குப் பின்னால’ என்றார்.

கொட்டாஞ்சேனைக்காரன் | 19 ஒக்டோபர், இரவு 7.30

நவம்பரில் கீழ்ப் பிரிவுக்கும் போகிறோம். கடைக்குட்டித் தம்பி, ஸ்டோருக்குப் பின்னால் வண்டி போகுமா? அங்கே எத்தனை அடுப்பு?